அது ஏன் கடித்தது?

சென்ற ஜனவரி 17-ஆம் நாள், வனத்து அந்தோணியார் திருநாளன்று, நமது பங்கில் வழக்கம்போல் கால்நடைகளை மந்திரிக்கும் சடங்கு நடைபெற்றது. கொம்புகளுக்கு வண்ணம் தீட்டிய காளைகளும், கழுத்தில் மாலையணிந்த கறவைப் பசுக்களும், ஆடுகளும், கால் கட்டிய சேவல்களும் கோவில் முற்றத்தை நிறைத்து நின்றன. ஒருபுறம் தப்பட்டை முழங்கிக்கொண்டிருந்தது. வரிசையின் கடைசியில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன், துண்டால் மூடிய கம்பிக் கூண்டொன்றை மார்போடு அணைத்தவாறு தன் பாட்டியுடன் நின்றான்.

துண்டை விலக்கிப் பார்த்தோம். மரச்சீவல்களின் நடுவே, எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுப் பெரிதாக, பொன்னிறத்தில் ஒரு பந்து சுருண்டு கிடந்தது. "இது என்ன தம்பி, பெருச்சாளிக் குட்டியா?" என்று விளையாட்டாகக் கேட்டோம். "இல்லை ஃபாதர், ஹாம்ஸ்டர்" என்றான் அவன், சற்றே மனம் நொந்தவனாக. மாடுகளுக்குத் தெளித்த அதே தாராளத்துடன் தீர்த்தத்தை அதன்மீதும் தெளித்துவிட்டு, கூண்டின் கதவைத் திறந்து, அதன் முதுகைத் தடவிக்கொடுக்க விரலை நீட்டினோம். மறுகணம் அந்தப் பந்து விரிந்தது. நமது ஆள்காட்டி விரலில் இரத்தம் துளிர்த்தது.

கூட்டம் சிரித்தது. நாமும் சிரித்துவைத்தோம். பாட்டியம்மா மட்டும் பதறிப்போய், "தோத்திரம் சாமி, மன்னிக்கணும். எலியை வீட்டுல வளக்காதேன்னு அன்னைக்கே தலையால அடிச்சுக்கிட்டேன்" என்று பேரனின் முதுகில் ஓர் அடி வைத்தார். சிறுவன் ஒன்றும் பேசவில்லை. துண்டால் கூண்டை மூடிக்கொண்டு போய்விட்டான்.

காரியம் அத்துடன் முடிந்தது என்றே எண்ணினோம். அன்று மாலை கோவில்பிள்ளை வந்து, அச்சிறுவன் கூண்டோடு கல்லறைக்கு அப்பாலுள்ள தென்னந்தோப்பை நோக்கிப் போகிறான் என்று சொன்னபோதுதான் நிலைமை புரிந்தது. ஆளனுப்பி அழைத்து வரச் செய்தோம். "அது எனக்கு வேணாம் ஃபாதர். தோப்புல விட்டுடப் போறேன். நாலு மாசமா நான்தான் தீனி வைக்கிறேன், கூண்டு சுத்தம் பண்றேன். என்னையும் கடிக்குது. அதுக்கு என்னைப் பிடிக்கலை" என்று சொல்லி, இடக்கை விரல்களில் மூன்று வடுக்களைக் காட்டினான்.

பின்னால் மூச்சிரைக்க வந்து சேர்ந்த பாட்டியம்மா, பேரன் முகம் கழுவச் சென்ற வேளையில் தணிந்த குரலில் சொன்ன செய்தி இது: சிறுவனின் தாய் செவிலியர், ஓராண்டுக்கு முன்பு மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வளைகுடா நாடொன்றுக்குப் பணிக்குச் சென்றிருக்கிறார். "அவ போனதிலேருந்து பய யாரோடயும் சரியாப் பேசுறதில்லை சாமி. செப்டம்பர்ல பொறந்த நாளைக்கு அவங்கப்பன் டவுன்ல இந்த எலியை வாங்கிக் குடுத்தான். ராத்திரியெல்லாம் அதுகிட்ட மட்டும் என்னமோ பேசிக்கிட்டிருப்பான்."

தோப்பில் விடுவதை அச்சிறுவன் விடுதலை என்று எண்ணியிருந்தான். உண்மையில் அது மரண தண்டனை. கூண்டில் பிறந்து கூண்டில் வளர்ந்த அந்த உயிருக்கு நமது வெயிலும் தெரியாது, காகமும் தெரியாது, பூனையும் தெரியாது. ஒருகால் பிழைத்துக்கொண்டாலும், இம்மண்ணுக்கு உரியதல்லாத பிராணியை இங்கே உலவவிடுதல் தகாது. இவற்றை அவனுக்கு எடுத்துரைத்து, "ஒரு மாதம் பொறுத்துக்கொள் தம்பி. அது ஏன் கடிக்கிறது என்று விசாரித்துச் சொல்கிறோம்" என்று வாக்களித்தோம். வாக்களித்தபோது அப்பிராணியைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கால்நடை மருத்துவரான பங்கு அன்பர் ஒருவரிடம் கேட்டும், நூல்களைத் தேடிப் படித்தும் நாம் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறோம். இன்று நகரங்களில் மட்டுமன்றிச் சிற்றூர்களிலும் நம் இல்லங்களுக்குள் இந்தச் சிறு விருந்தாளி வந்து சேர்ந்துவிட்டதால், பெற்றோர் பலருக்கும் இது பயன்படக்கூடும்.

அலெப்போ வயலில் ஒரு தாய்

கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் பொன்னிற ஹாம்ஸ்டரின் பூர்வீகம் சிரியா நாட்டின் வடபகுதியும் அதையடுத்த துருக்கி எல்லையும் ஆகும். சீடர்கள் முதன்முதல் கிறிஸ்தவர்கள் என்று அழைக்கப்பட்ட அந்தியோக்கியா நகருக்குக் கிழக்கே, அலெப்போ நகரைச் சூழ்ந்த கோதுமை வயல்களே அதன் தாயகம். 1839-ஆம் ஆண்டில் ஜார்ஜ் வாட்டர்ஹவுஸ் என்ற ஆங்கிலேய அறிஞர், அலெப்போவிலிருந்து கிடைத்த ஒரே ஓர் உடலை வைத்து இவ்வினத்தை உலகுக்கு அறிவித்தார். அதன்பின் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் அதை எவரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

1930-இல் எருசலேமில் சால் அட்லர் என்ற மருத்துவ ஆராய்ச்சியாளர், நம் நாட்டிலும் பீகார், வங்காளப் பகுதிகளில் எண்ணற்ற ஏழைகளின் உயிரைக் குடித்த காலா அசார் என்னும் கருங்காய்ச்சலின் இனத்தைச் சேர்ந்த நோய்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்குச் சீன நாட்டு ஹாம்ஸ்டர்கள் தேவைப்பட்டன. அவையோ அவரிடம் இனப்பெருக்கம் செய்ய மறுத்தன. அருகிலேயே வாழும் ஹாம்ஸ்டர் வகை ஏதேனும் உண்டா என்று அவர் விலங்கியலார் இஸ்ரயேல் அஹரோனியை வேண்டினார். அஹரோனி அலெப்போவுக்குச் சென்றார். அவ்வூர்த் தலைவர் ஆட்களை அமர்த்தித் தர, கோதுமை வயலொன்றைப் பெரும்பகுதி பாழாகுமாறு தோண்டியபின், ஏப்ரல் 12-ஆம் நாள் எட்டடி ஆழத்தில் ஒரு தாயும் பதினொரு குட்டிகளும் கிடைத்தன.

இதன்பின் நடந்ததுதான் நம் விசாரணைக்குத் திறவுகோல். தாயையும் குட்டிகளையும் ஒன்றாக ஒரு பெட்டியில் வைத்தார் அஹரோனி. தன்னிடம் முதலில் ஊர்ந்து வந்த குட்டியை அந்தத் தாய் பற்றிக் கடித்துக் கொன்றது. மற்றவற்றையும் கொன்றுவிடும் என்று அஞ்சி அவர் தாயை அழித்துவிட்டு, கண் திறவாத குட்டிகளைத் தம் மனைவியின் துணையுடன் கையாலேயே ஊட்டி வளர்த்தார். பின்னர் எருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் சில குட்டிகள் மரக்கூண்டைக் கறம்பித் தப்பியோடி மடிந்தன. ஒரு பெண்குட்டியை ஆண் கொன்றது. எஞ்சிய மிகச் சில உடன்பிறப்புகளிலிருந்து ஓராண்டுக்குள் 150 வரை பெருகின. 1931-இல் அட்லர் சிலவற்றைத் தம் மேலங்கிப் பையில் வைத்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார் என்பர். இன்று உலகெங்கும் வீடுகளில் வளரும் பொன்னிற ஹாம்ஸ்டர்களில் ஏறக்குறைய அனைத்தும் அந்த ஒரே தாயின் வழிவந்தவை. நம் சிறுவனின் கூண்டில் இருப்பதும் அவ்வாறே.

இவ்வரலாற்றை அவனுக்குச் சொன்னபோது, நாம் எதிர்பாராத ஒரு கேள்வியைக் கேட்டான்: "அந்த அம்மாவுக்கு அந்தக் குட்டியைப் பிடிக்காதா ஃபாதர்?" இந்தப் பகுதியைச் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று அக்கணம் நமக்குத் தோன்றியது. எனினும் சொல்லிவிட்டோம், மறுமொழி கூறியாக வேண்டும். "பிடிக்காமல் இல்லை தம்பி. வீடு இடிந்தது, வெளிச்சம் வந்தது, அறியாத கைகளின் வாடை குட்டிகள்மேல் படிந்தது. அதற்கு எல்லாமே பகையாகிவிட்டது. அது பயந்துவிட்டது" என்றோம். கருணை வார்த்தைக்காக நாம் புனைந்த விளக்கமன்று அது. ஈன்ற ஹாம்ஸ்டரின் கூட்டைக் கலைத்தாலோ, குட்டிகளைக் கையால் தொட்டாலோ, அஞ்சிய தாய் அவற்றைக் கொன்றுவிடுவது இன்றும் வளர்ப்போர் காணும் நிகழ்ச்சியே. ஆகவே குட்டியீன்ற கூண்டை ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்குத் தீனியும் நீரும் வைப்பதற்கன்றி நெருங்கலாகாது.

மூக்கினால் அறியும் உலகம்

நாய் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதனோடு உண்டு உறங்கிப் பழகிய பிராணி. கூட்டமாய் வாழும் குலத்தில் பிறந்தது; ஆதலால் நம்மைத் தன் கூட்டத்தாராகவே கருதுகிறது. ஹாம்ஸ்டர் அவ்வாறன்று. அது மனிதனிடம் வந்து நூறு ஆண்டுகள்கூட நிறையவில்லை. பொன்னிற வகை தனித்து வாழ்வது. வளர்ந்த இரண்டை ஒரே கூண்டில் விட்டால், பெரும்பாலும் ஒன்று மற்றொன்றைக் காயப்படுத்தும், கொல்லவும் கூடும். 'பாவம், துணையில்லாமல் இருக்கிறதே' என்று இரண்டாவதை வாங்கிவரும் அன்பான தந்தைமார் இதை நினைவிற்கொள்க. குள்ள வகைகளில் சில சேர்ந்திருக்கும் என்றாலும், அவற்றிலும் சண்டை மூளும்போது உடனே பிரித்துவிட வேண்டும்.

அதன் கண்கள் கறுப்பு மணிகள்போல் அழகாக இருப்பினும், பார்வை மிகக் குறைவு. சில அங்குலங்களுக்கு அப்பால் எல்லாம் மங்கல். காதோ நமக்குக் கேளாத நுண்ணொலியையும் கேட்கும். எல்லாவற்றுக்கும் மேலாக அதற்கு மூக்குத்தான் உலகம். விலாப்பக்கத்து சுரப்பிகளின் மணத்தைச் சுவரிலும் மூலையிலும் தேய்த்துத் தன் வீட்டுக்கு எல்லை வகுக்கிறது. தனக்குரியோரையும் அந்நியரையும் மணத்தாலேயே பிரித்தறிகிறது. கூண்டிலுள்ள மரச்சீவல் முழுவதையும் ஒரே நாளில் கொட்டிப் புதிது நிரப்பினால், நம் கண்ணுக்கு அது தூய்மை. அதன் மூக்குக்கோ யாரோ தன் வீட்டையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டதுபோல் ஆகும். பழைய சீவலில் ஒரு பங்கை விட்டுவைப்பதே முறை.

பகலில் உறங்கி இரவில் விழித்திருப்பது வீட்டு ஹாம்ஸ்டரின் இயல்பு. இங்கே ஒரு வியப்பான செய்தி உண்டு. தென் துருக்கி வயல்களில் காட்டு ஹாம்ஸ்டர்களைக் கண்காணித்த ஆய்வாளர்கள், அவை பகற்பொழுதிலேயே வளையை விட்டு வெளிவந்து இரைதேடுவதைக் கண்டு 2008-இல் வெளியிட்டனர். கூண்டுக்குள் வந்ததும் அதே பிராணி இரவு வாழ்வுக்கு மாறிவிடுகிறது! எப்படியாயினும், நம் வீட்டில் இருப்பது பகலில் உறங்குவது. அந்த உறக்கத்தைக் கலைத்தல் நள்ளிரவில் நம் வீட்டுக் கதவை எவரேனும் இடிப்பதற்கு ஒப்பாகும்.

இவ்வளவும் அறிந்தபின், அந்தோணியார் திருநாளன்று நாம் செய்த காரியத்தை ஆத்தும சோதனை செய்து பார்த்தோம். பதினொரு மணி வெயிலில் அது உறங்கிக்கொண்டிருந்தது. தப்பட்டை முழங்கியது. குளிர்ந்த நீர் மேலே விழுந்தது. பருந்து பாய்வதுபோல் தலைக்கு மேலிருந்து ஒரு பெரிய நிழல் இறங்கியது. அந்நிழலின் நுனியிலோ வாழைப்பழ மணம்! சடங்கு தொடங்குமுன் ஒரு குடும்பத்தார் அன்புடன் தந்த பழத்தை உரித்துத் தின்றுவிட்டுக் கைகழுவாமலே வந்திருந்தோம். அது நம்மைக் கடிக்காதிருந்திருந்தால்தான் வியப்பு.

சிறுவன் பட்ட மூன்று கடிகளையும் ஒவ்வொன்றாக விசாரித்தோம். முதலாவது, பள்ளிவிட்டு வந்தவுடன் உறங்கும் பிராணியைத் தூக்கியபோது. இரண்டாவது, மிக்சர் தின்ற கையோடு. மூன்றாவது, நண்பர்களுக்குக் காட்டக் கூண்டின் மூலையில் துரத்திப் பிடித்தபோது. "அது உன்னைக் கடிக்கவில்லை தம்பி, ஒருமுறை தூக்கக் கலக்கத்தையும், ஒருமுறை மிக்சரையும், ஒருமுறை பயத்தையும் கடித்திருக்கிறது" என்றோம். அவன் முகத்தில் முதன்முதலாகச் சிரிப்பின் சாயலைக் கண்டோம்.

அது பேசும் மொழி

கடிப்பதற்கு முன்பே ஹாம்ஸ்டர் பலவகையில் பேசுகிறது, நாம்தாம் கவனிப்பதில்லை. காதுகளைப் பின்னோக்கி மடித்துத் தரையோடு பதுங்கினால் அச்சம். நகராமல் சிலையாக நின்றால், ஏதோ ஒலியையோ மணத்தையோ ஆராய்கிறது. பற்களை நறநறவென்று கடித்தால் 'என்னை விடு' என்று பொருள். மல்லாந்து விழுந்து பல்லைக் காட்டிக் கீச்சிட்டால், அதைச் சேட்டை என்றெண்ணிச் சிரிக்கும் குழந்தைகள் உண்டு; உண்மையில் அது உயிருக்கு அஞ்சி எடுக்கும் கடைசிப் படைக்கலம். அவ்வேளை கையை எடுத்துவிடுதலே நன்று.

மாறாக, நம் எதிரிலேயே உடலை நீட்டிக் கொட்டாவி விடுமாயின் மகிழலாம்.  கைகளால் முகத்தை நிதானமாகத் துடைத்துக்கொள்வதும் பெரும்பாலும் அமைதியின் குறியே. கொடுத்த தானியத்தை அங்கேயே உட்கார்ந்து தின்றால் மிகுந்த நம்பிக்கை என்று கொள்ளலாம். கன்னப்பைகளில் அடைத்துக்கொண்டு ஓடிப்போய்ப் பதுக்கினால் அதற்காக வருந்த வேண்டியதில்லை. ஹாம்ஸ்டர் என்ற பெயரே பதுக்கி வைத்தலைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல்லோடு உறவுடையது. நாள்தோறும் கூண்டுக் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தாலோ, குற்றம் நம்முடையது: இடம் போதவில்லை, அல்லது செய்வதற்கு வேலை இல்லை. இரவில் பல கிலோமீட்டர் ஓடும் கால்கள் அவை. ஆகவே அகன்ற கூண்டும், முதுகு வளையாமல் ஓடத்தக்க பெரிய சுழல்சக்கரமும், வளை தோண்ட ஆழமான மரச்சீவலும் கட்டாயம். கடைகளில் விற்கும் பொம்மை வீடுபோன்ற சிறு கூண்டுகள் வாங்குவோரின் கண்ணுக்காகச் செய்யப்பட்டவை.

நம் ஊர் வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. மண்ணுக்கடியில் குளிர்ச்சியில் வாழப் படைக்கப்பட்ட உயிர் அது. முப்பது பாகை செல்சியஸுக்கு மேல் வெப்பம் ஏறினால் தளரும்; சித்திரை வைகாசியில் மூடிய அறையில் சில மணி நேரத்தில் இறந்தும்போகும். வீட்டின் மிகக் குளிர்ந்த மூலையில் கூண்டை வைத்து, உள்ளே ஒரு மண்சட்டியை வாயைச் சாய்த்துக் கவிழ்த்து வைத்தால், அதுவே அதற்கு வளையாகும். வெப்பம் என்று நினைத்துத் தண்ணீரில் குளிப்பாட்டுவது பெருந்தவறு. நனைந்தால் குளிர்தாக்கி நோயுறும். உலர்ந்த தூய மணலைத் தட்டில் வைத்தால் தானே புரண்டு குளித்துக்கொள்ளும். ஊட்டி, கொடைக்கானல் பங்குகளிலுள்ளோர்க்கோ வேறொரு எச்சரிக்கை. கடுங்குளிரில் அது விறைத்து, மூச்சும் தெரியாமல், செத்ததுபோல் உறங்கிவிடுவதுண்டு. குழி தோண்டுமுன் கைவெப்பத்தில் சிறிது நேரம் மெல்ல வைத்துப் பாருங்கள். இலாசரை நினைவூட்டும் காட்சியைக் காண நேரிடலாம்.

அன்பு என்று சொல்லலாமா?

"இதெல்லாம் சரி ஃபாதர். அதுக்கு என்னைப் பிடிக்குமா, பிடிக்காதா?" சிறுவனின் கேள்வி சுற்றிச் சுற்றி இங்கேயே வந்து நின்றது.

பொய் சொல்ல நமக்கு மனமில்லை. நாயைப்போல் வாசலில் காத்திருந்து வரவேற்கும் பாசம் ஹாம்ஸ்டரிடம் இல்லை. நீண்ட நாள் பழகினால் உரியவரின் மணத்தையும் குரலையும் இனங்கண்டுகொள்ளும். அக்கையில் அஞ்சாமல் ஏறும். அந்நியர் கையில் ஏறத் தயங்கும். அதற்குமேல் எதிர்பார்த்தால் அதற்கு இல்லாததைக் கேட்டவர்களாவோம். ஆனால் உலகில் எல்லாவற்றுக்கும் அஞ்சும்படி படைக்கப்பட்ட ஓர் உயிர், ஒரே ஒரு கைக்கு மட்டும் அஞ்சாதிருக்கக் கற்றுக்கொள்வதைச் சிறிய காரியம் என்று நாம் நினைக்கவில்லை. இதைத்தான் அவனிடம் சொன்னோம்.

1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இப்பொருள் பற்றி 2418-ஆம் எண்ணில் பேசுகிறது. விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவதும் சாகடிப்பதும் மனித மாண்புக்கு எதிரானவை என்று கூறும் அதே இடத்தில், மனிதத் துயரைத் துடைக்க வேண்டிய பொருளை அவற்றின்மீது செலவழிப்பதும் தகாது, மனிதருக்கே உரிய பாசத்தை அவற்றின்மேல் திருப்பிவிடுதலும் தகாது என்று அது போதிக்கிறது. இப்பகுதியைப் படித்தபோது, இரவெல்லாம் கூண்டோடு பேசும் சிறுவன் நம் கண்முன் நின்றான். அவனைக் கண்டிப்பதா? நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. பாசத்தை அவன் திருப்பிவிடவில்லை. அதை வைக்க இடமின்றித் தற்காலிகமாக அங்கே இறக்கி வைத்திருந்தான். கண்டிக்கத்தக்கவர் எவரேனும் உண்டெனில், மாலையில் அவனோடு அரைமணி நேரம் அமர மறந்த பெரியவர்களே. இதை அவன் தந்தையிடம் தனியாகச் சொன்னோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, தாம் வீடு திரும்பும் நேரத்தைச் சொல்லித் தலைகுனிந்தார். அவர் இரண்டு வேலை பார்க்கிறவர்.

ஒரு மாதம்

மருத்துவ அன்பர் வகுத்துத் தந்த வழி எளியது. ஆனால் பொறுமையை வேண்டுவது. முதல் வாரம் தொடவே கூடாது. இருட்டியபின் அது தானாக எழுந்து வரும் வேளையில் கூண்டருகே அமர்ந்து மெல்லிய குரலில் பேச வேண்டும். பாடப் புத்தகத்தை உரக்கப் படித்தாலும் போதும் என்றார் அவர். பாட்டியம்மாவுக்கு இந்த மருந்து மிகவும் பிடித்தது. இரண்டாம் வாரம் வாசனையற்ற சோப்பால் கைகழுவி, சூரியகாந்தி விதையொன்றை உள்ளங்கையில் வைத்துக் கூண்டின் தரையில் அசையாமல் வைத்திருக்க வேண்டும். கை அதைத் தேடிப் போகலாகாது. அதுவே கையைத் தேடி வர வேண்டும். மேலிருந்து பற்றலாகாது. தானாக உள்ளங்கையில் ஏறியபின், இரு கைகளையும் குவித்து, தண்ணீரை அள்ளுவதுபோல் தூக்க வேண்டும். பாயின்மேலோ கட்டிலின்மேலோ உட்கார்ந்தே தூக்குக. இடுப்பளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் அதன் எலும்பு முறியும். சிறு குழந்தைகளிடம் பெரியவர் உடனில்லாமல் தருதல் வேண்டா. தொட்டபின் கைகழுவுதல் அவசியம். கடிபட்டால் சோப்பு நீரால் நன்கு கழுவி மருத்துவரிடம் காட்டிவிடுதல் நன்று. விதை ஒரு பரிசே அன்றி உணவன்று. கம்பு, கோதுமை போன்ற தானியங்களும் சிறிது வெள்ளரி, கேரட்டும் தரலாம். வெங்காயம், பூண்டு, எலுமிச்சை வகைகள், சாக்லேட்டு இவை ஆகா.

பிப்ரவரி மாத நடுவில் ஒரு நாள் இரவு ஏழு மணிக்கு, செபமாலை முடிந்த கையோடு அவ்வீட்டுக்குச் சென்றோம். கூடத்தில் காற்றோட்டமான மூலையில் பெரிய கூண்டு ஒன்று இருந்தது. பழைய இரும்புப் பெட்டியின் பக்கத்தில் வலையடித்துத் தந்தை தம் கையாலேயே செய்தது என்றார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இருவரும் சேர்ந்து வேலை செய்தார்களாம்.

சிறுவன் ஒரு தாளை எடுத்து வந்து காட்டினான். அதில் கணக்குப் போட்டிருந்தான். ஹாம்ஸ்டரின் ஆயுள் இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் என்று நாம்தாம் சொல்லியிருந்தோம். அதற்கு இப்போது ஏழு மாதம். அம்மா திரும்பி வர இன்னும் இரண்டு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. "அம்மா வர்றப்ப இருக்குமா ஃபாதர்?" என்றான். கணக்கு சரியாகத்தான் இருந்தது. மிகவும் நெருக்கமாகவும் இருந்தது. இருக்கும் என்று நாம் உறுதி கூறவில்லை. "நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருக்கலாம். இல்லாமலும் போகலாம். அதன் ஆயுளே அவ்வளவுதான்" என்றோம். தலையசைத்துத் தாளை மடித்து வைத்துக்கொண்டான். அலைபேசியில் அன்றாடம் அம்மாவுக்கு அதைக் காட்டுவதாகவும், வெளிச்சம் கண்ணில் படாதபடி துணியை மறைத்து வைப்பதாகவும் சொன்னான்.

பிறகு கூண்டின் கதவில் கைவைக்கப் போன நம்மைத் தடுத்தான். "ஃபாதர், முதல்ல கையைக் கழுவிட்டு வாங்க. வாசனை சோப்பு வேணாம். திண்ணையில மஞ்ச சோப்பு இருக்கு."

கழுவிக்கொண்டு வந்து, அவன் சொன்னபடி உள்ளங்கையைத் தரையில் வைத்துக் காத்திருந்தோம். மண்சட்டியிலிருந்து மூக்கு மட்டும் வெளியே வந்தது, நம் விரல் நுனியை முகர்ந்தது, திரும்பிப் போய்விட்டது. சிறுவன் தன் கையை வைத்தான். அது வந்து ஏறி, விதையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து முகம் துடைக்கத் தொடங்கியது. அவன் மூச்சைக்கூட அடக்கியிருந்தான்.

வழியனுப்ப வாசல்வரை வந்த பாட்டியம்மாவிடம், "இப்போது என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டோம்.

"எனக்கும் பழகிப்போச்சு சாமி. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு அந்தச் சக்கரத்தைச் சுத்துது பாருங்க, அதுக்கு ஒரு துளி எண்ணெய் விடலாமான்னு அந்த டாக்டரைக் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க."

தேங்காய் எண்ணெய் விடலாம் என்று மருத்துவ அன்பர் கூறியிருக்கிறார்.